‘ஒரு’, ‘அந்த’ என்னும் சமன்பாடு: ஆங்கிலச் சுட்டிடைச்சொற்களைத் தமிழ்வழி விளக்கும் முறை – ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தின் ‘எ’, ‘ஆன்’, ‘தி’ ஆகிய சுட்டிடைச்சொற்களைத் தமிழ் மாணவர்க்கு விளக்கும்போது ‘எ’ என்பதற்கு ‘ஒரு’ என்றும், ‘தி’ என்பதற்கு ‘அந்த’ என்றும் பொருள் கூறுவது நெடுங்கால வழக்கமாக உள்ளது. இச்சமன்பாடு ஒரு குறிப்பிட்ட சூழலில் மட்டுமே பொருந்துகிறது என்பதையும், பிற சூழல்களில் ஆங்கிலப் பிழைக்கும் தமிழ் உரைநடையின் திரிபுக்கும் அது வழிவகுக்கிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பொருளின் அறிந்தமையையும் அறியாமையையும் காட்டத் தமிழ் தனக்கென வைத்துள்ள வழிகளை விளக்குவதே சுட்டிடைச்சொல் கற்பித்தலின் சரியான தொடக்கம் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: சுட்டிடைச்சொல், நிச்சயம், நிச்சயமின்மை, இரண்டாம் வேற்றுமை, சுட்டு, மொழிபெயர்ப்பு, ஆங்கிலம் கற்பித்தல்.

முன்னுரை

ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள் எனப்படும் சொற்களைத் தமிழ்வழி ஆங்கில இலக்கண நூல்கள் சுட்டிடைச்சொற்கள் என்று பெயரிட்டு, நிச்சயச் சுட்டிடைச்சொல், நிச்சயமற்ற சுட்டிடைச்சொல் என இரண்டாகப் பகுக்கின்றன. இதையடுத்து அந்நூல்களில் பெரும்பாலும் ஓர் அட்டவணை இடம்பெறும். அதன் ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சொல்லும் மறுபக்கத்தில் ‘ஒரு’, ‘அந்த’ என்னும் தமிழ்ச் சொற்களும் இருக்கும். பின்னர் விதிகள் வரிசையாகத் தொடரும்: ஆறுகளின் பெயருக்கு முன் ‘தி’ வரும், ஊர்ப்பெயருக்கு முன் வராது, உயிரொலிக்கு முன் ‘ஆன்’ வரும். விதிகளை மனப்பாடம் செய்த மாணவர் தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பிவிடுகிறார். ஆனால், அவரே ஒரு பத்தி ஆங்கிலம் எழுதும்போது சுட்டிடைச்சொல் வரவேண்டிய இடத்தில் இல்லாமலும், வரக்கூடாத இடத்தில் இருந்தும் இடர் தருகிறது. முதுகலை மாணவர்களும் ஆய்வாளர்களும் இதற்கு விலக்கல்லர். இப்பிழைக்கு மாணவரின் கவனக்குறைவு காரணம் என்று கூறப்படுவதுண்டு. விளக்கத்தின் தொடக்கமாக அமைந்த அந்தச் சமன்பாட்டையே இக்கட்டுரை ஆய்வுக்கு உட்படுத்துகிறது.

சமன்பாட்டின் தோற்றம்

இச்சமன்பாடு அடிப்படையற்றது அன்று. ஆங்கிலத்தின் ‘தி’ பழைய ஆங்கிலத்தின் சுட்டுச்சொல்லிலிருந்து வளர்ந்தது. ‘ஆன்’ என்பது ஒன்று என்னும் எண்ணுப்பெயரிலிருந்து பிறந்தது. பிரெஞ்சு மொழியின் சுட்டிடைச்சொற்களும் இலத்தீனின் சுட்டிலிருந்தும் எண்ணிலிருந்தும் இவ்வாறே தோன்றியவை. எனவே, எண்ணாகிய ‘ஒரு’வையும் சுட்டாகிய ‘அந்த’வையும் இவற்றுக்கு இணையாக நிறுத்தியவர்கள் சொல்வரலாற்றின்படி தவறு செய்யவில்லை.

தவறு வேறிடத்தில் உள்ளது. ஆங்கிலத்தில் அச்சொற்கள் தம் பழம்பொருளைப் பெரிதும் இழந்து இலக்கணக் கருவிகளாகிவிட்டன. ‘தி’ இப்போது தொலைவைக் காட்டுவதில்லை. ‘எ’ எண்ணிக்கையை வலியுறுத்துவதில்லை. தமிழிலோ ‘அந்த’ என்பது இன்றும் ‘இந்த’ என்பதற்கு எதிர்நிற்கும் சேய்மைச் சுட்டு. அகரச் சுட்டின் திரிபாகப் பள்ளி இலக்கணம் அதனைக் கூறுவதும் அப்பொருளில்தான். ‘ஒரு’ என்பதும் இரண்டு, மூன்று என்பவற்றோடு ஒரே வரிசையில் நிற்கும் எண்ணடை. பிறப்பால் ஒத்த சொற்கள் தொழிலால் ஒத்தவை என்று கொண்டதே சமன்பாட்டின் முதற்பிழை.

சுட்டிடைச்சொல் இன்மை ஒரு மொழியின் குறையும் அன்று. இலத்தீனிலும் உருசிய மொழியிலும் அவை இல்லை. அரபு மொழியில் நிச்சயத்தைக் காட்டும் முன்னொட்டு உண்டு. சிங்களத்தில் நிச்சயமின்மையைப் பெயரின் இறுதியில் சேரும் ஒட்டு காட்டுகிறது. ஒட்டின்றி நிற்கும் ஒருமைப் பெயர் நிச்சயப்பொருள் தருகிறது. கேட்பவர் அறிந்த பொருள், அறியாத பொருள் என்னும் வேறுபாடு எல்லா மொழியினர்க்கும் தேவை. அதனைக் காட்டும் வழிதான் மொழிதோறும் மாறுகிறது.

சமன்பாடு பொருந்தும் இடம்

‘ஒரு ஊரில் ஒரு ராசா இருந்தான். அந்த ராசாவுக்கு இரண்டு பிள்ளைகள்’ என்று கதை தொடங்குகிறது. கேட்பவர் அறியாத ஒருவனை முதல் வாக்கியம் ‘ஒரு’ என்று அறிமுகம் செய்கிறது. அறிமுகமானவனை இரண்டாம் வாக்கியம் ‘அந்த’ என்று மீளச் சுட்டுகிறது. ஆங்கிலக் கதையிலும் முதலிடத்தில் ‘எ’, இரண்டாமிடத்தில் ‘தி’ வரும். அட்டவணை இங்கு முழுமையாகப் பொருந்துகிறது.

இலக்கண நூல்கள் தம் எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் இவ்வகையிலிருந்தே எடுக்கின்றன. எனவே, சமன்பாடு எங்கும் பொருந்துவதாகத் தோற்றம் எழுகிறது. உண்மையில் இது முதற்குறிப்பு, மறுகுறிப்பு என்னும் ஒரே உறவைச் சார்ந்தது. சுட்டிடைச்சொற்களின் ஆட்சி இவ்வுறவைக் கடந்து விரிகிறது.

‘அந்த’ பொருந்தாத இடங்கள்

நிச்சயச் சுட்டிடைச்சொல்லின் அடிப்படை, பேசுபவருக்கும் கேட்பவருக்கும் பொதுவான அறிமுகமே என்று பால் கிறிஸ்டோபர்சன் 1939இல் விளக்கினார். ஜான் ஹாக்கின்ஸ் 1978இல் வெளியிட்ட நூலில் அதன் ஆட்சிகளை வகைப்படுத்தினார். முன்குறிப்பை மீட்டல், உடனிருக்கும் சூழலைச் சார்தல், விரிந்த சூழலைச் சார்தல், முன் சொன்ன பொருளோடு தொடர்புடையதைக் குறித்தல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இந்நான்கையும் தமிழோடு ஒப்பிட்டால் சமன்பாட்டின் எல்லை புலப்படும்.

முதல்வகையில் ‘அந்த’ பொருந்துவது மேலே காட்டப்பட்டது. இரண்டாம் வகையில், வீட்டுக்குள் இருப்பவர் ‘கதவைச் சாத்து’ என்கிறார். ஆங்கிலத்தில் இங்கு ‘தி’ வந்தாக வேண்டும். தமிழில் ‘அந்தக் கதவைச் சாத்து’ என்றால் பல கதவுகளுள் ஒன்றைக் கைகாட்டிப் பிரித்தல் என்று பொருள்படும். மூன்றாம் வகையில், ‘சூரியன் மறைந்தது’, ‘முதலமைச்சர் வருகிறார்’ என்பன அமையும். ‘அந்தச் சூரியன்’ என்றால் வேறொரு சூரியனும் உண்டோ என்னும் ஐயம் எழும். நான்காம் வகையில், ‘அவர் ஒரு வீடு வாங்கினார், கூரை ஒழுகுகிறது’ என்னும் தொடரைக் கருதலாம். வீடு என்றதும் கூரை அதனுள் அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் கூரைக்கு முன் ‘தி’ வருகிறது. தமிழில் ‘அந்தக் கூரை’ என்றால் முன்பே கூரையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும் என்றாகிறது.

நான்கு வகைகளுள் மூன்றில் தமிழ் அடையின்றி வெறும் பெயரையே ஆள்கிறது. தமிழ்க் காதுக்கு அங்கு எச்சொல்லும் குறையாகத் தெரிவதில்லை. மாணவர் ஆங்கிலத்தில் ‘தி’யை விட்டுவிடும் இடங்களை இம்மூன்று வகைகளிலும் எதிர்பார்க்கலாம். ‘அந்த’ வராத இடத்தில் ‘தி’யும் வராது என்பது அட்டவணை அவருக்குக் கற்பித்த பாடத்தின் இயல்பான விளைவு.

‘ஒரு’ பொருந்தாத இடங்கள்

ஒருவரின் தொழிலைக் கூறும்போது ஆங்கிலத்தில் ‘எ’ கட்டாயம். ‘அவர் என்ன வேலை பார்க்கிறார்?’ என்னும் வினாவுக்குத் தமிழில் ‘மருத்துவர்’ என்பதே இயல்பான விடை. ‘அவர் ஒரு மருத்துவர்’ என்பதும் தமிழே. ஆனால், அது வேறு வேலை செய்கிறது. ‘அவர் ஒரு மருத்துவர், அவரே இப்படிச் செய்யலாமா?’ என்பதுபோல், அத்தகுதியை எடுத்துக்காட்டி அதன்மேல் ஒன்றை நிறுவும் இடத்தில் அது சிறக்கிறது. ‘ஒரு பத்துப் பேர் வந்தார்கள்’ என்னும் தொடரில் ‘ஒரு’ ஏறத்தாழ என்னும் பொருளைத் தருகிறது. இங்கு ‘எ’யைக் கொண்டு பெயர்த்தால் ஆங்கிலம் சிதையும். ‘ஒரு பழமும் இல்லை’ என்பதில் எண்ணுப்பொருள் உம்மையோடு சேர்ந்து முற்றான இன்மையைக் காட்டுகிறது.

இவற்றினும் கவனிக்கத்தக்கது ‘ஒரு தகவல்’, ‘ஓர் அறிவுரை’ போன்ற வழக்கு. தகவலையும் அறிவுரையையும் தமிழ் எண்ணுகிறது, ஆங்கிலம் எண்ணுவதில்லை. எனவே, ‘ஆன் இன்பர்மேஷன்’, ‘ஆன் அட்வைஸ்’ என்று மாணவர் எழுதுகிறார். இது சுட்டிடைச்சொல் பிழையாகத் திருத்தப்படுகிறது. ஆனால், இதன் வேர் பெயர்ச்சொல்லின் எண்ணுந்தன்மையில் உள்ளது. அப்பெயர் ஆங்கிலத்தில் எண்ணப்படாதது என்று கற்பிக்காமல் ‘ஆன்’ என்பதை மட்டும் அடித்துவிட்டால், அடுத்த வரியில் அதே பெயர் பன்மை விகுதியோடு மீண்டும் தோன்றும். சமன்பாடு பிழையை உண்டாக்குவதோடு அமையாமல், பிழையின் காரணத்தையும் ஆசிரியர் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

‘ஓர்’, ‘ஆன்’ – ஒலியொப்புமை

உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’ வருவதைக் காட்டி உயிரொலிக்கு முன் ‘ஆன்’ வருவதை விளக்குவது பயனுள்ள உத்தி. எனினும் இரண்டின் வரலாறும் வேறு. ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்பதே பழைய வடிவம். மெய்யொலிக்கு முன் அதன் இறுதி மெய் கெட்டு ‘எ’ ஆயிற்று. தமிழில் ‘ஒன்று’ என்பது மெய்க்கு முன் ‘ஒரு’ ஆகிறது. உயிர் வரும்போது முதல் நீண்டு ‘ஓர்’ ஆகிறது. எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியைத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் விரித்துரைக்கிறது.

இங்குத் தமிழ் எழுத்து ஒரு நல்ல துணை. ஆங்கில எழுத்தைப் பார்த்து விதியைப் பொருத்தும் மாணவர் மணி, பல்கலைக்கழகம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் தடுமாறுகிறார். அவற்றையே ‘அவர்’, ‘யுனிவர்சிட்டி’ என்று தமிழில் எழுதினால், முன்னது உயிரில் தொடங்குவதும் பின்னது மெய்யில் தொடங்குவதும் கண்ணுக்கே தெரிகின்றன. ‘எம்.எல்.ஏ.’ என்பதற்கு முன் ‘ஆன்’ வருவதற்கும் இதுவே விளக்கம். ஆயினும் இத்துணைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒன்று எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ‘ஒன்’ என்று எழுதுவது வழக்கம்; அதன் ஆங்கில ஒலிப்போ வகர ஒலியில் தொடங்குகிறது. ஒப்புமையைப் பயன்படுத்தும் ஆசிரியர் அது எங்கு நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நிச்சயத்தைக் காட்டத் தமிழ் கொண்டுள்ள வழிகள்

‘மரம் வெட்டினான்’, ‘மரத்தை வெட்டினான்’ என்னும் இரண்டும் ஒரே பொருளின அல்ல. முன்னது அவன் செய்த வேலையின் வகையைக் கூறுகிறது. பின்னது பேசுபவரும் கேட்பவரும் அறிந்த மரம் ஒன்றை நினைவூட்டுகிறது. அஃறிணைச் செயப்படுபொருளில் ஐ உருபு வருவதும் வராமையும் நிச்சயத்தோடு தொடர்புடையன என்பதைத் தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கண நூல் எடுத்துக்காட்டுகிறது. பள்ளி இலக்கணம் இவற்றை வேற்றுமைத்தொகை, வேற்றுமைவிரி என்று பெயரிட்டு நின்றுவிடுகிறது. தொகையை விரித்தால் பொருள் மாறுமா என்னும் வினா வகுப்பறையில் எழுவதில்லை. ஐ உருபின் நடத்தையை உயர்திணை, விரவுப்பெயர் ஆகிய பெயர்வகைகளோடு இணைத்துப் பேசும் நூற்பா நன்னூலில் உண்டு. அவ்வழியைத் தொடர்ந்து தற்காலத் தமிழை நோக்கும் பணி கல்வி இலக்கணங்களில் இன்னும் போதிய அளவில் நிகழவில்லை.

இனி, ‘தி’ என்பதற்கு இணை ஐ உருபே என்று கூறினால் பழைய பிழை புதிய வடிவில் திரும்பும். ‘ஒரு மரத்தை வெட்டினான்’ என்பது பிழையற்ற தமிழ். உருபே நிச்சயக்குறி என்றால் இத்தொடர் முரணாகியிருக்கும். மேலும், உயர்திணைப் பெயர் செயப்படுபொருளாகும்போது தற்காலத் தமிழில் உருபு பெரும்பாலும் கட்டாயமாகிறது. ‘மருத்துவரைப் பார்த்தேன்’ என்பது அறிந்த மருத்துவரையும் குறிக்கலாம். எவரேனும் ஒரு மருத்துவரையும் குறிக்கலாம்.

உயர்திணையிலும் உருபு நீங்கும் இடங்கள் சில உள்ளன. அவை தமிழின் நுட்பத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. ‘மாப்பிள்ளை பார்க்கிறார்கள்’ என்னும்போது மாப்பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை. ‘மாப்பிள்ளையைப் பார்க்கிறார்கள்’ என்னும்போது அவர் கண்முன் இருக்கிறார். இவ்வாறே ‘ஆள் தேடுகிறார்கள்’ என்றால் வேலைக்கு எவரேனும் தேவை. ‘ஓர் ஆளைத் தேடுகிறார்கள்’ என்றால் தேடுபவர்க்குத் தெரிந்த, கேட்பவர்க்குத் தெரியாத ஒருவரைத் தேடுகிறார்கள் என்பதே முதலில் தோன்றும் பொருள். ‘ஆளைத் தேடுகிறார்கள்’ என்றால் இருவரும் அறிந்தவரைத் தேடுகிறார்கள். முதலிரண்டு பொருள்களையும் ஆங்கிலம் ‘எ’ என்னும் ஒரே சொல்லால் குறித்து, வேறுபாட்டைச் சூழலுக்கு விட்டுவிடுகிறது. இவ்விடத்தில் தமிழே நுண்மையாகப் பகுக்கிறது. சுட்டிடைச்சொல் இல்லாத மொழி என்று தமிழை அறிமுகம் செய்யும் பாடம் இவ்வுண்மையைச் சொல்வதில்லை.

சொல்வரிசையும் இவ்வேறுபாட்டைக் காட்டுகிறது. ‘மேசைமேல் புத்தகம் இருக்கிறது’ என்பது புத்தகத்தைப் புதிதாக அறிமுகம் செய்கிறது. ‘புத்தகம் மேசைமேல் இருக்கிறது’ என்பது அறிந்த புத்தகத்தின் இருப்பிடத்தைக் கூறுகிறது. ‘சிறுவன் ஒருவன்’, ‘நூல் ஒன்று’ எனப் பெயருக்குப் பின் எண்ணுப்பெயரை நிறுத்துவது அறிமுகத்திற்குரிய மற்றொரு வழி. ஒற்றைச் சொல்லில் ஆங்கிலம் குவித்து வைத்திருக்கும் வேலையைத் தமிழ் உருபு, வரிசை, எண், சுட்டு, வெறும்பெயர் ஆகிய ஐந்துக்கும் பகிர்ந்தளிக்கிறது.

மொழிபெயர்ப்பில் சமன்பாட்டின் விளைவு

வகுப்பறையில் கற்ற அட்டவணை மொழிபெயர்ப்பாளரின் கையிலும் தொடர்கிறது. ‘அவள் ஒரு சன்னலைத் திறந்து ஓர் ஆழமான மூச்சை இழுத்தாள்’ என்பதுபோன்ற வாக்கியம் தற்கால மொழிபெயர்ப்பு நடையில் அரிதன்று. ஆங்கில மூலத்தில் இரு சுட்டிடைச்சொற்கள் இருந்தன என்பதைத் தவிர இங்கு ‘ஒரு’வும் ‘ஓரு’ம் வேறெதையும் தெரிவிக்கவில்லை. ‘சன்னலொன்றைத் திறந்து ஆழ மூச்சிழுத்தாள்’ என்றால் பொருளும் குறைவதில்லை, நடையும் நலிவதில்லை. மொழிபெயர்ப்பிலிருந்து இவ்வழக்கு நேரடித் தமிழ் எழுத்துக்கும் பரவினால், ‘ஒரு’ என்பதற்கு எடுத்துக்காட்டுதல், ஏறத்தாழ எனக் கூறுதல் முதலிய தனித்தொழில்கள் மங்கிப்போகும். எங்கும் வரும் சொல் எங்கும் அழுத்தம் தர இயலாது.

தமிழிலிருந்து ஆங்கிலம் செல்லும் வழியில் சிக்கல் தலைகீழாகிறது. அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ ஆங்கிலத்தில் ‘தி எய்ட்டீன்த் பேரலல்’ ஆயிற்று. வரிசை எண்ணே அக்கோட்டை ஒன்றாக வரையறுத்துவிடுவதால் தமிழுக்கு வேறு குறி தேவைப்படவில்லை, ஆங்கிலத்துக்குத் தேவைப்பட்டது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ ஆங்கிலத்தில் ‘ஒன் பார்ட் உமன்’ ஆனபோது, அத்தலைப்பிலுள்ள ‘ஒரு’ எண்ணே என்று மொழிபெயர்ப்பாளர் கொண்டது சரியான முடிவு.

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ இவ்வகையில் மிகுந்த கவனத்துக்குரியது. எஸ். கிருஷ்ணனின் மொழிபெயர்ப்பு ‘டேல் ஆஃப் எ டாமரிண்ட் ட்ரீ’ என்னும் தலைப்பைக் கொண்டது. பிளேக் வென்ட்வொர்த்தின் மொழிபெயர்ப்பு ‘டாமரிண்ட் ஹிஸ்டரி’ என்று பெயர் பெற்றது. நாவலில் வரும் மரம் எந்தவொரு மரமும் அன்று; ஓர் ஊரின் நடுவில் நின்று, அவ்வூராரால் அறியப்பட்ட தனி மரம். கதைசொல்லிக்கு அது நன்கு தெரிந்தது. வாசகருக்கு இன்னும் தெரியாதது. ‘ஒரு’ இங்கு அறியாமையை அன்று, அறிமுகத்தின் தொடக்கத்தைக் குறிக்கிறது. முதல் மொழிபெயர்ப்பின் ‘எ’ அவ்வறிமுகத்தைக் காக்கிறது. இரண்டாவது அச்சொல்லை விட்டு, வரலாறு என்னும் கருத்தை முன்னிறுத்துகிறது. இரு முடிவுகளுக்கும் காரணம் காட்ட இயலும். ‘ஒரு’ என்றால் ‘எ’ என்னும் அட்டவணையால் இவற்றுள் எதனையும் மதிப்பிட இயலாது என்பதே இங்குக் கருதத்தக்கது.

கற்பித்தலுக்கான வழி

சுட்டிடைச்சொல் இல்லாத மொழிகளைப் பேசுவோர் ஆங்கிலம் கற்கும்போது நிகழும் பிழைகளை டானியா அயோனினும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஆராய்கிறது. உருசியம், கொரிய மொழி ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டோர் அதில் இடம்பெற்றனர். பேசுபவரின் மனத்தில் ஒரு குறிப்பிட்ட பொருள் இருக்கும்போது, கேட்பவர் அறியாததாயினும், கற்போர் ‘தி’யை மிகுதியாக ஆள்வதை அது காட்டியது. பிழைகள் சீரற்றவை அல்ல. கற்பவர் உள்ளத்தில் இயங்கும் ஒரு பகுப்பைச் சார்ந்தவை. மேலே கண்ட ‘ஓர் ஆளை’, ‘ஆளை’ என்னும் வேறுபாட்டைத் தம் மொழியில் உடைய தமிழ் மாணவரும் இதே வழியில் செல்கின்றனரா என்பது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் களத்தில் ஆராயத்தக்க வினா.

அட்டவணைக்கு மாற்றாக மூன்று வினாக்களை வரிசையாக முன்வைக்கலாம். முதலாவது: இப்பெயர் ஆங்கிலத்தில் எண்ணப்படுவதா? இரண்டாவது: குறிக்கப்படும் பொருள் எது என்பதைக் கேட்பவர் அறிவாரா? முன்குறிப்பு, சூழல், பொது அறிவு, உடன்தொடர்பு ஆகிய எவ்வழியில் அறிந்தாலும் போதும். மூன்றாவது: அறியாதவராயின், பொருள் ஒருமையா, பன்மையா? கேட்பவர் அறிவார் எனில் ‘தி’ வரும். அறியாத ஒருமை எண்ணுப்பெயருக்கு ‘எ’ அல்லது ‘ஆன்’ வரும். அறியாத பன்மைக்கும் எண்ணப்படாத பெயருக்கும் அவை வருவதில்லை. ஊர், ஆறு முதலிய இயற்பெயர்களின் மரபு வழக்குகளையும் இனத்தைப் பொதுவாகச் சுட்டும் தொடர்களையும் இதன்பின் தனியே கற்பிக்கலாம்.

இவற்றுள் இரண்டாம் வினா மாணவருக்குப் புதிதன்று. ‘மரம்’ என்பதா, ‘மரத்தை’ என்பதா என்று தெரிவு செய்யும் ஒவ்வொரு முறையும் அவர் அதையொத்த பகுப்பையே செய்கிறார். அறியாமலே ஆளும் அவ்வறிவை வெளிக்கொணர்ந்து காட்டுவது ஆசிரியரின் பணி.

முடிவுரை

‘எ’ என்பது ‘ஒரு’, ‘தி’ என்பது ‘அந்த’ என்னும் சமன்பாடு, முதற்குறிப்பும் மறுகுறிப்பும் அடுத்தடுத்து வரும் கதைத் தொடக்கம் போன்ற இடத்தில் மட்டுமே நிற்கிறது. அதனைப் பொதுவிதியாக்கியதால் ஆங்கிலத்தில் ‘தி’ விடுபடுகிறது. எண்ணப்படாத பெயர்முன் ‘ஆன்’ நுழைகிறது. தமிழ் மொழிபெயர்ப்பில் ‘ஒரு’ பெருகுகிறது. இம்மூன்றும் வெவ்வேறு குறைகளாகத் தோன்றினாலும் காரணம் ஒன்றே: தமிழ் நிச்சயத்தைக் காட்டும் முறை விளக்கப்படாமல் விடப்பட்டமை. ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் தனித்தனியே நடத்தும் இரு பாடங்களுக்கு இடையில் இப்பகுதி விழுந்துகிடக்கிறது. இரண்டாம் வேற்றுமை கற்பிக்கும் தமிழ் வகுப்பு ‘மாப்பிள்ளை பார்த்தல்’, ‘மாப்பிள்ளையைப் பார்த்தல்’ என்னும் வேறுபாட்டை விளக்குமாயின், ஆங்கில வகுப்பின் பாதிச்சுமை குறையும். தமிழ் இலக்கணமும் தற்கால வழக்கை நோக்கி ஓரடி முன்செல்லும்.